காலி செய்த வீடும் விட்டுப்போன நாயும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நாயைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் இரண்டு பேர் டீ குடிக்க எழுந்து போய்விட்டார்கள். பரவாயில்லை. நாய் பிடிக்காதவர்களும் கேட்க வேண்டிய விஷயம்தான் இது.

"நல்ல நாயாக இருந்தால் ஏன் சார் விட்டுவிட்டுப் போகிறார்கள்? ஏதாவது குறை இருக்கும்" என்று பலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் குறை நாயிடம் இல்லை. நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். சிப்காட்டில் வேலை, மூன்று வருடத்தில் புனேவுக்கு மாற்றல். தினமும் அத்திப்பள்ளி தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போய் வந்தவர் ஒருநாள் பெங்களூரிலேயே வீடு பார்த்துவிடுகிறார். அங்கே ஓனர் நாய் கூடாது என்கிறார். கணவன் மனைவி இருவருக்கும் ஷிப்ட், குட்டி நாள் முழுக்க பால்கனியில் தனியாகக் கத்துகிறது. குழந்தை பிறக்கிறது, ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் வேண்டாம் என்கிறார்கள். ஓசூர் குளிரை நம்பி ஹஸ்கி வாங்குகிறவர்கள் தனி ரகம். நம் ஊரைக் குட்டி இங்கிலாந்து என்று சொல்வார்கள், சைபீரியா என்று யாரும் சொன்னதில்லை.

போன மே மாதம் நம் வளாகத்திலேயே ஒரு குடும்பம் காலி செய்துவிட்டுப் போனது. லாரியில் வாஷிங் மெஷின் ஏறியது, துளசி மாடம் ஏறியது. லாப்ரடார் கலப்புப் பெண் நாய் மட்டும் பார்க்கிங்கில் நின்றுவிட்டது. ஐந்து வயதிருக்கும் என்றார் டாக்டர். உட்கார் என்றால் உட்காரும், கை கொடு என்றால் கொடுக்கும். லிப்ட் கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்கும். குழந்தைகள் விளையாடும் இடத்தில் நாய் இருக்கிறது என்று ஒருவர் எழுத்து மூலம் புகார் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெளியே துரத்துவது தீர்வு அல்ல. வீட்டில் வளர்ந்த நாயைத் தெரு நாய்கள் தங்கள் எல்லைக்குள் சேர்க்காது. பாகலூர் ரோடு லாரிகளுக்கு நடுவே ஓடவும் அதற்குத் தெரியாது.

சட்டம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்து. வளர்ப்புப் பிராணியைக் காரணமில்லாமல் கைவிடுவது அதன்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை! அந்த நாளில் அது பெரிய தொகையாக இருந்திருக்கலாம்.

ஆகவே வேலை செய்தவர்கள் தொண்டர்கள்தான். சென்னை புளூ கிராஸ் 1964-லேயே நாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்து விடலாம் என்று ஆரம்பித்தது. மாநகராட்சி அதை ஏற்றுக்கொள்ள 1996 ஆயிற்று. பக்கத்தில் பெங்களூரில் 'கியூபா' அமைப்பு 1991-லிருந்து இயங்குகிறது. இந்த இடங்களில் எப்போதும் நாய்கள் நிறைந்திருக்கும், அதில் கணிசமானவை ஒரு காலத்தில் சோபாவில் படுத்திருந்தவை. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் தெரு நாய் வழக்கில் பிறப்பித்த உத்தரவிலும் ஒரு வரி உண்டு: விருப்பமுள்ளவர்கள் மாநகராட்சியிடம் மனுச் செய்து தெரு நாயைத் தத்து எடுக்கலாம், ஆனால் எடுத்தபின் அது மறுபடி தெருவுக்கு வரக்கூடாது, அது எடுத்தவர் பொறுப்பு. என்னைக் கேட்டால் முக்கியமான வரி அதுதான்.

நான் வங்கியில் இருந்தவன். கடன் மனு வந்தால் திருப்பிக் கட்டும் சக்தி இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். தத்து கொடுக்கிறவர்களும் அப்படித்தான் கேட்பார்கள். வாடகை வீடா, ஓனர் சம்மதித்தாரா, வீட்டில் எல்லோருக்கும் இஷ்டமா, தீபாவளிக்கு ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? இதற்குக் கோபப்படக் கூடாது. தீனி, ஊசி, டாக்டர் எல்லாம் சேர்த்து மாதம் 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பத்து வருடத்துக்கு 3,60,000. நடுவில் வரும் ஆபரேஷன் இதில் சேராது.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்கு 66. இன்று குட்டி எடுத்தால் அதன் ஆயுள் முடியும்போது எனக்கு 80 ஆகும். நமக்கு ஐந்தாறு வயது நாய்தான் சரி. அதன் குணம் முன்பே தெரியும், ஷூவைக் கடிக்கும் பருவமும் முடிந்திருக்கும்.

வந்த முதல் மூன்று நாள் அது கட்டிலடியில் ஒளியலாம், சாப்பிடாமலும் இருக்கலாம். வீட்டு வழக்கம் பிடிபட மூன்று வாரம், உங்களைத் தன் மனிதராக ஏற்க மூன்று மாதம் என்பது வளர்ப்பவர்களின் அனுபவக் கணக்கு. பலர் முதல் வாரத்திலேயே "இது செட் ஆகவில்லை" என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். அவசரம் வேண்டாம். ரேபிஸ் ஊசி வருடா வருடம், கருத்தடை கட்டாயம், வெளியே வந்தால் கயிறு, அசிங்கம் செய்தால் நாமே எடுக்க வேண்டும். யாரை எந்த நாய் கடித்தாலும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். நோய் வெளியே தெரிந்துவிட்டால் பிழைப்பது அரிது.

வளாகத்தில் நாயே கூடாது என்று தீர்மானம் போடலாமே என்றார் ஒரு நண்பர். முடியாது. பெரும்பான்மை ஓட்டு இருந்தாலும் சங்கம் வளர்ப்பு நாய்க்குத் தடை போடக்கூடாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. நாம் செய்யக்கூடியது வேறு. காலி செய்கிறவர்களுக்குச் சங்கம் தரும் தடையில்லாச் சான்றில் மின் பாக்கி, தண்ணீர் பாக்கி என்று கேட்கிறோம். அதிலேயே "வளர்ப்புப் பிராணி உண்டா, எங்கே கொண்டு போகிறீர்கள்" என்று ஒரு வரி சேர்க்கலாம் என்பது என் யோசனை. செயலாளர் அடுத்த கமிட்டியில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

பார்க்கிங்கில் இருக்கும் நாய்க்குச் சங்கச் செலவில் கருத்தடையும் ஊசியும் ஆகிவிட்டது. அட்டை என்னிடம் இருக்கிறது. இரண்டு குடும்பங்கள் கேட்டிருக்கிறார்கள், இன்னும் யாராவது விரும்பினால் ஞாயிறு காலை பத்து மணிக்குள் சங்க அலுவலகத்தில் படிவம் கொடுக்கலாம். வாடகைக்கு இருப்பவர்கள் ஓனர் கடிதத்தோடு வர வேண்டும். அது இல்லாமல் நான் படிவம் வாங்க மாட்டேன்.