காது கொடுத்துப் பார்க்க வேண்டிய படங்கள்



எதிர்காலத்தில் நடக்கும் ஜப்பானிய அனிமேஷன் படம், அதாவது அனிமே, ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டால் போதும், ரசிகர்கள் சுற்றி வளைத்துக்கொள்வார்கள். அகிரா பார், அந்தச் சிவப்பு பைக்குக்காகவே பார் என்பார் ஒருவர். கோஸ்ட் இன் த ஷெல் பார், மழையில் நனையும் அந்த நகரத்தைப் பார் என்பார் இன்னொருவர். எல்லாமே கண்ணுக்கான சிபாரிசு. நான் இன்று காதுக்கான சிபாரிசு செய்ய வந்திருக்கிறேன். இந்தப் படைப்புகளில் வரும் நகரங்களை நாம் நம்பிவிடுவதற்குப் பாதிக் காரணம் அவற்றின் ஓசைதான் என்பது என் எண்ணம்.

அகிராவையே எடுத்துக்கொள்வோம். கட்சுஹிரோ ஒடொமோ தன்னுடைய மங்கா, அதாவது சித்திரக்கதைத் தொடரைத் தானே படமாக இயக்கி 1988-இல் வெளியிட்டார். கதை நடப்பது 2019-இல், நியோ டோக்கியோவில். ஜப்பானில் பொதுவாகப் படத்தை வரைந்து முடித்த பிறகுதான் நடிகர்கள் வந்து குரல் கொடுப்பார்கள். ஒடொமோ அதைத் தலைகீழாக்கினார். முதலில் வசனத்தைப் பேசவைத்துப் பதிவு செய்தார். அந்தப் பேச்சைக் கேட்டு, அதற்கேற்ப உதடுகளை வரைந்தார்கள். அதனால்தான் கதையின் இரு இளைஞர்களான கனெடாவும் டெட்சுவோவும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கத்தும்போது, வாய் வெறுமனே திறந்து மூடுவதாகத் தோன்றுவதில்லை. உள்ளே இருக்கிற ஆத்திரம் அப்படியே வெளியே வருகிறது.

அதன் இசை இன்னும் பெரிய ஆச்சரியம். எதிர்கால நகரம் என்றால் சிந்தசைசர்தான் என்று 1982-இல் வந்த பிளேட் ரன்னர் என்ற ஹாலிவுட் படம் ஆணி அடித்துவிட்டுப் போயிருந்தது. ஒடொமோ போய் நின்றதோ கெய்னோ யமாஷிரோகுமி என்ற குழுவின் வாசலில். மருத்துவர், பொறியாளர், பத்திரிகையாளர், மாணவர் என்று அவரவர் பிழைப்பைப் பார்த்துக்கொண்டே கூடிப் பாடுகிறவர்கள் அவர்கள். குழுவை நடத்திய சுதோமு ஓஹாஷி ஒரு விஞ்ஞானி. படத்தின் தொடக்கத்தில் பைக் கும்பல்கள் மோதிக்கொள்ளும் காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். பாலித் தீவின் ஜெகோக் என்னும் பெரிய மூங்கில் வாத்தியங்கள் அதிர்கின்றன. அதன்மேல் ‘ரஸ்ஸேரா, ரஸ்ஸேரா’ என்று ஒரு கோஷம். அது ஜப்பானின் வடக்கே அவோமோரி நகரில் நடக்கும் நெபுதா திருவிழாவில் ஊர்வலம் போகிறவர்கள் எழுப்பும் கூவல்! எத்தனையோ தலைமுறையாகத் தெருவில் ஒலித்த குரலைத் தூக்கி, இடிபாடுகளில் வளர்ந்த பையன்களின் பைக் மேல் ஏற்றிவிட்டார்கள். அந்தக் கணத்தில் நியோ டோக்கியோவுக்கு ஒரு பழைய வேர் கிடைத்துவிடுகிறது.

மமோரு ஓஷி இயக்கிய கோஸ்ட் இன் த ஷெல் 1995-இல் வந்தது. கதை நடக்கும் ஆண்டு 2029. இன்றைக்கு அது ஒன்றும் தொலைவில் இல்லை. ஹாங்காங்கைப் பார்த்து வரையப்பட்ட நகரம். நடுவில் மூன்று நிமிடத்துக்கும் மேலாக வசனமே கிடையாது, கதையும் நகராது. கால்வாயில் படகு போகிறது, மழை பிடிக்கிறது, கதையின் நாயகி மேஜர் குசனாகி தன்னுடைய அதே முகத்தோடு வேறொரு பெண் கண்ணாடிக்கு அப்பால் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறாள். அப்போது ஒலிப்பது கென்ஜி கவாயின் இசை. பழைய ஜப்பானிய மொழியில் அமைந்த திருமணப் பாட்டு அது. பாடுகிறவர்கள் நாட்டுப்புறப் பாடகிகள், ஆனால் குரல்கள் பல்கேரியப் பெண்களின் கூட்டுப் பாடலைப் போல ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. உடல் முழுக்க இயந்திரமாகிவிட்ட ஒருத்திக்கு ஏன் கல்யாணப் பாட்டு? கடைசிக் காட்சி வரை பொறுத்திருங்கள், பதில் கிடைக்கும். அனிமே இசையில் எனக்கு இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

தொடராகப் பார்க்க விரும்புகிறவர்கள் சீரியல் எக்ஸ்பெரிமென்ட்ஸ் லெய்ன் பார்க்கலாம். 1998, பதின்மூன்று அத்தியாயங்கள். இறந்துபோன வகுப்புத் தோழியிடமிருந்து ஒரு பள்ளிச் சிறுமிக்கு மின்னஞ்சல் வருவதில் தொடங்குகிறது. ஆளில்லாத தெருவில், தலைக்கு மேலே மின்கம்பிகள் விடாமல் ரீங்கரித்துக்கொண்டே இருக்கும். வேறு எந்தப் பயமுறுத்தலும் அந்தத் தொடருக்குத் தேவைப்படவில்லை. 2012-இல் வந்த சைக்கோ-பாஸில் துப்பாக்கியே பேசும். எதிரே நிற்பவரின் குற்றக் குணகம் இவ்வளவு என்று அமைதியான பெண் குரலில், பிடித்திருப்பவருக்கு மட்டும் கேட்கும்படி சொல்லும். எண் நூறுக்குக் கீழே என்றால் விசை பூட்டிக்கொள்ளும். முந்நூறைத் தாண்டினால் ஆளையே கொன்றுவிடும். இரண்டுக்கும் குரலில் ஒரு மாற்றமும் இருக்காது. சைபர்பங்க் எட்ஜ்ரன்னர்ஸ் என்ற 2022-ஆம் ஆண்டுத் தொடரில் ரசிகர்களை அழவைக்கும் பாட்டு, அது பிறந்த வீடியோ கேமில், கார் ரேடியோவில் ஓடும் பல பாட்டுகளில் ஒன்றாகத்தான் இருந்தது. வானொலிக்காரனான எனக்கு அதில் ஒரு தனி மகிழ்ச்சி.

ஆனாலும் முதன்முதலாகப் பார்க்கப் போகிறவருக்கு நான் சொல்வது இவற்றில் எதுவும் இல்லை. பிளானெடீஸ். மகோட்டோ யுகிமுராவின் மங்காவை ஒட்டி 2003-இல் தொடங்கிய தொடர், இருபத்தாறு அத்தியாயங்கள். 2075-இல் பூமியைச் சுற்றி மிதக்கும் உடைந்த செயற்கைக்கோள் துண்டுகளைப் பொறுக்கி எடுக்கும் துப்புரவுப் பணியாளர்களின் கதை. ஒரு சிறு திருகாணி போதும், அவை சுற்றும் வேகத்தில் வந்து மோதினால் பயணிகள் விண்கப்பலே உடைந்துபோகும். அந்தப் பணியாளர்களுக்குச் சம்பளம் குறைவு, நிறுவனத்தில் மதிப்பும் இல்லை. கப்பலுக்கு வெளியே போனால், மற்ற விண்வெளிப் படங்களில் கேட்கும் இரைச்சல் இங்கே கிடையாது. அங்கே காற்று இல்லையே, ஓசை எப்படி வரும்? தலைக்கவசத்துக்குள் மூச்சு கேட்கும், சக ஊழியர் ரேடியோவில் திட்டுவது கேட்கும். விண்வெளியிலும் வேலைக்குப் போய்த்தான் பிழைக்க வேண்டும் என்பதை அந்த மூச்சு இரைப்பைக் கேட்டு நான் நம்பினேன்.

அதற்கு அடுத்து புளூட்டோ. ஒசாமு டெசுகாவின் ஆஸ்ட்ரோ பாய் கதை ஒன்றை நவோகி உரசாவா மங்காவாக விரித்து எழுதினார். அது 2023-இல் எட்டு அத்தியாயங்கள் கொண்ட அனிமே தொடராக வந்தது. முதல் அத்தியாயத்திலேயே கண் தெரியாத ஒரு முதிய இசையமைப்பாளர் வருகிறார். அவர் வீட்டுக்குப் பணியாளாக வந்த ரோபோ, போரில் தன்னைப் போன்ற எண்ணற்ற ரோபோக்களை அழித்தது. மேலங்கிக்குள் இன்னும் ஆயுதங்கள் இருக்கின்றன. எனக்குப் பியானோ கற்றுக்கொள்ள ஆசை என்கிறது அது. இயந்திரத்துக்கு எதற்கு இசை என்று கிழவர் சீறுகிறார். மேலே நான் சொல்லப் போவதில்லை. ஓர் அத்தியாயம் மட்டும் பார்ப்பேன் என்கிறவர்களும் அதைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. அகிராவிலும் எட்ஜ்ரன்னர்ஸிலும் ரத்தம் அதிகம், சைக்கோ-பாஸும் பிள்ளைகளுக்கு ஆகாது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் மிட்சுவோ இசோ இயக்கிய டென்னோ காயில் இருக்கிறது. 2007-இல் என்.எச்.கே. கல்வித் தொலைக்காட்சியில் வந்தது. மூக்குக்கண்ணாடியைப் போட்டால் தெருவில் மெய்நிகர் நாய்கள் ஓடும் ஊர், அதில் துப்பறியும் சிறுவர்கள். எதைப் பார்த்தாலும் ஜப்பானியக் குரலிலேயே வையுங்கள், சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேளுங்கள்.