நொறுக்குத் தீனியும் வீட்டுப் பலகாரமும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை வேளை. வகுப்பில் பாடம் நடந்துகொண்டிருக்கையில், ஒரு சிறுவன் மேசைக்கடியில் ஒரு பொட்டலத்தை ஒளித்து வைத்து எதையோ கொறித்துக்கொண்டிருந்தான். அவனை எழுப்பி நிறுத்திக் கடிந்துகொண்டேன். பொட்டலத்தையும் வாங்கி வைத்துக்கொண்டேன். சிறிது நேரத்தில் அவன் மேசைமீது தலைசாய்த்துவிட்டான். அழைத்து விசாரித்தேன். அன்று காலை ரொட்டி சுட நேரமின்றித் தாய் பிரட்டுக்களத்துக்கு ஓடிவிட்டாள். கடையில் ஏதேனும் வாங்கித் தின்னும்படி காசு கொடுத்துப் போயிருந்தாள். நான் பறித்தது நொறுக்குத் தீனியை மட்டுமல்ல; ஒரு பிள்ளையின் காலையுணவையே பறித்துவிட்டேன்.

அந்த நாணம் இன்னும் என்னைவிட்டு அகலவில்லை. ஆதலின்தான் இன்று இதைப் பற்றிப் பேச வந்தேன்.

தின்பண்டத்தில் ஆசை வைப்பது குழந்தையின் குற்றமா? சிறிய வயிறு, ஓடியாடும் உடல். இடையிடையே பசிக்கத்தான் செய்யும். தின்னாதே என்று தடுப்பதினும், தின்னும் பண்டத்தையே நல்ல உணவாக்கிக் கொடுப்பது மேலன்றோ? மலையகத்தில் இது சிறிய காரியமன்று. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகள் நாடு முழுவதிலும் 100க்கு 17 பேர்; தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 பேர்.

கொழும்புக் கடைகளில் ‘கிரனோலா’ என்று தானியமும் பருப்பும் சேர்ந்த வில்லைகள் அழகிய உறையில் விற்கப்படுகின்றன. இதன் முன்னோடியை 1863இல் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் காலெப் ஜாக்சன் செய்தார். கோதுமை மாவை இருமுறை சுட்டு உடைத்த அவ்வுணவை, இரவு முழுதும் ஊறவைத்தாலன்றி மெல்ல முடியாது. நம் பாட்டிமாரோ எள்ளுருண்டையும் பொரிவிளங்காய் உருண்டையும் பிடித்தார்கள். தானியத்தையும் பருப்பையும் பாகில் பிணைக்கும் வித்தை நமக்குப் புதிதன்று.

செய்முறையைச் சொல்கிறேன். கச்சான் ஒரு கோப்பை, அவல் ஒரு கோப்பை, எள் கால் கோப்பை. இவற்றைத் தனித்தனியே வறுத்துக்கொள்ளுங்கள். சுருங்கியதும் பூஞ்சணம் பிடித்ததுமான கச்சானை எறிந்துவிடுங்கள். அதில் நஞ்சு உண்டு. கச்சானின் தோலை நீக்கி ஒன்றிரண்டாக இடியுங்கள். ஒரு கோப்பை வெல்லத்தை அல்லது கித்துள் கருப்பட்டியைக் கால் கோப்பை நீரில் கரைத்து வடிகட்டிக் காய்ச்சுங்கள். ஒரு துளிப் பாகைக் குளிர்ந்த நீரில் விட்டுப் பாருங்கள். உருண்டு கெட்டிப்பட்டு, ஒடித்தால் ‘டக்’கென்று முறிய வேண்டும். அதுவே பதம். உடனே இறக்கி எல்லாவற்றையும் கொட்டிக் கிளறி, எண்ணெய் தடவிய தட்டில் பரப்பி அழுத்தி, சூடு ஆறுமுன் வில்லைகளாக வெட்டுங்கள்.

நம் மலைக்கென்று ஒரு செய்தியும் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. இங்கே நீர் சுமார் 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஆகவே, தாழ்நிலத்துச் சமையற் புத்தகம் சொல்லும் வெப்பக் கணக்கு இங்கே பிழைபடும். குளிர்நீர்ச் சோதனையோ எங்கும் பிழைபடாது. மூடுபனியின் ஈரத்தை வெல்லம் விரைவில் இழுத்துக்கொள்ளும். நன்றாக ஆறியபின், இறுக மூடும் தகரப் பேணியில் இட்டு வையுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். சிறு குழந்தைகளுக்குக் கச்சான் தொண்டையில் அடைக்கும். அவர்களுக்கு மாவாக இடித்தே சேர்க்க வேண்டும். கச்சான் ஒவ்வாத பிள்ளைக்கு அதைக் கொடுக்கவே கூடாது. வெல்லமும் இனிப்புத்தான், நாளுக்கு ஒரு வில்லை போதும், தின்றபின் வாய் கொப்பளிக்கட்டும். இது ரொட்டிக்கும் சோற்றுக்கும் ஈடாகாது. ஆனால் வெறும் வயிற்றோடு வருவதைத் தடுக்கும்.

இதையெல்லாம் பெற்றோர் கூட்டத்தில் சொன்னபோது, அச்சிறுவனின் தாய் எழுந்து, “ஐயா, ஆறு நாளும் மலை. ஞாயிறு ஒருநாள்தான் எனக்கு. அதிலுமா அடுப்படி?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. “உன் மகனையும் கூட வைத்துக்கொள் அம்மா, கச்சான் தோலை அவன் நீக்கட்டும், எள்ளைத் தகப்பன் வறுக்கட்டும்” என்றேன். கூட்டத்திலிருந்த ஆண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த வாரம் அச்சிறுவன் என் மேசைமீது கோணலாய் வெட்டிய வில்லை ஒன்றை வைத்தான். “அப்பா வறுத்தது, கொஞ்சம் கருகிப் போச்சு சேர்” என்றான். கருகித்தான் இருந்தது; முழுவதையும் தின்றேன்.