உயர் என்ட்ரோபி ஆக்சைடுகளும் இரு கலைச்சொற்களும்



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒருவகைப் பீங்கான். மொழியியலாளனுக்குப் பீங்கானில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அறிவியலைத் தமிழில் கற்பிக்கும் இந்நாட்டு ஆசிரியர்கள் விரைவில் எதிர்கொள்ளவிருக்கும் இரண்டு சொற்கள் அதனுள் இருக்கின்றன.

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே செங்கற்சூளைகளால் வந்தது. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் மர வீடுகளையும் அத்தாப்பு வீடுகளையும் அழித்தபின், நகரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் எழுப்ப முற்பட்டனர். அச்செங்கல்லும் பெரும்பாலும் ஆக்சைடே: சிலிக்கன், அலுமினியம், இரும்பு ஆகியவை உயிர்வளியோடு கூடி நெருப்பில் இறுகியவை. 'பீங்கான்' பாரசீகத்திலிருந்து நம்மிடம் வந்த சொல். மலாய்க்காரர் தட்டைப் 'பிங்கான்' என்பதும் அதே வேரினதே.

உலோகக் கலவையில் ஒன்று தலைமை, மற்றவை துணை என்பது பழைய முறை. பல உலோகங்களைச் சரிபங்காய்க் கலக்கும் முயற்சியைப் பெங்களூரு அறிஞர் எஸ். ரங்கநாதன் 2003இலேயே கட்டுரையாக அறிமுகப்படுத்தினார். தைவான் அறிஞர் யே 2004இல் 'உயர் என்ட்ரோபி' என்ற பெயரை நிலைநிறுத்தினார். சென்னை ஐ.ஐ.டி.யில் பணியாற்றிய பி. எஸ். மூர்த்தி இவ்விருவரோடு சேர்ந்து எழுதிய நூல் 2014இல் வந்தது. மறு ஆண்டே அமெரிக்காவில் கிறிஸ்டினா ராஸ்ட், ஜான்-பால் மரியா குழுவினர் இக்கருத்தை ஆக்சைடுக்குக் கொண்டுசென்றனர். மெக்னீசியம், கோபால்ட், நிக்கல், செம்பு, துத்தநாகம் ஆகிய ஐந்தின் ஆக்சைடுகளைச் சமஅளவில் கலந்து சூடாக்கினால், ஏறத்தாழ 875 பாகை செல்சியசுக்குமேல் அவை ஒரே படிகமாகின்றன. வெப்பம் குறைந்த நிலையில் நெடுநேரம் வைத்தால் பிரிகின்றன. மீண்டும் சூடேற்றினால் கூடுகின்றன. சட்டென்று குளிர்வித்தால் கூடியபடியே நிற்கின்றன.

என்ட்ரோபியை 'ஒழுங்கின்மை' என்று பெயர்த்துவிட்டால் இங்கேதான் இடறுவோம். 'உயர் ஒழுங்கின்மைப் பீங்கான்' என்று கேட்கும் மாணவன் நொறுங்கிய மண்கட்டியையே நினைப்பான். உண்மையில் அது செம்மையான படிகம். இம்மண்டபத்தின் நாற்காலிகளைப் பாருங்கள்: வரிசை சிறிதும் பிறழவில்லை, எந்த நாற்காலியில் யார் அமர்வது என்பது மட்டுமே வரையறையற்றது. ஐந்து உலோகங்களும் அவ்வாறே அமர்கின்றன. அமரும் வழிகளின் பெருக்கத்தையே என்ட்ரோபி அளக்கிறது. ஐந்து சமபங்குக்கு ஒரு மோல் உலோக அயனிக்கு அது கெல்வினுக்கு 13.4 ஜூல். கிளாசியசு 1865இல் இச்சொல்லைக் கிரேக்கத்திலிருந்து ஆக்கியதே, எல்லா மொழிகளிலும் அது ஒரே பொருளில் வழங்கட்டும் என்றுதான். தமிழ்நாட்டுப் பாடநூல் 'என்ட்ரோபி' என்கிறது, இலங்கையில் 'எந்திரப்பி'. ஒலிபெயர்ப்பை நான் எளிதில் ஏற்பவனல்லன், இங்கு ஏற்கிறேன்.

இப்பொருள்கள் நுண்ணலைத் துறையில் ஏன் பேசப்படுகின்றன? 3.5 கிகாஹெர்ட்சில் இயங்கும் ஐந்தாம் தலைமுறைத் தொலைத்தொடர்பின் அலைநீளம் காற்றில் சுமார் 8.6 சென்டிமீட்டர். ஒப்புமை விடுதிறன் 36 உடைய பீங்கானுள் அது ஆறில் ஒரு பங்காகச் சுருங்கும். அதனால்தான் வடிப்பான்கள் சிறியவையாகின்றன. ஆற்றல் இழப்பும் குறைய வேண்டும்; வெயிலிலும் மழையிலும் ஒத்திசைவு அதிர்வெண் நகராதிருக்கவும் வேண்டும். பல உலோகங்களைச் சேர்ப்பதால் இப்பண்புகளைத் திருத்தியமைக்க வழி பெருகுகிறது. ஆயினும் மிகைப்படுத்தலாகாது. பேரியம் துத்தநாக டான்டலேட்டு என்னும் புகழ்பெற்ற பீங்கானில், துத்தநாகமும் டான்டலமும் முறைப்படி வரிசையுற அமைந்தபோதே இழப்பு வெகுவாகக் குறைந்தது. அங்கே நாற்காலிக்கு உரியவர் இன்னார் என்பதே ஆதாயம். இரண்டையும் இணக்குவது எப்படி என்பதே ஆய்வாளர் முன்னுள்ள வினா.

இரண்டாம் சொல் இப்பொருள்களின் இனப்பெயர். பாரடே வேண்ட, ஹியூவெல் 'டைஎலக்ட்ரிக்' என்ற சொல்லை ஆக்கித்தந்தார். 'டை' என்பதற்கு 'ஊடாக' என்று பொருள். மின்புலம் ஊடுருவும் பொருள் அது. 'மின்கடத்தாப் பொருள்' என்றால் அது மின்னோட்டத்தைத் தடுப்பது மட்டுமே தெரிகிறது. கம்பியின்மேல் உள்ள நெகிழி உறையிலிருந்து அதைப் பிரித்தறிய முடிவதில்லை. இலங்கைப் பாடநூலார் வழங்கும் 'மின்னுழையம்' மூலப்பொருளுக்கு நெருங்கியது, நாவுக்கும் எளியது. தமிழ்நாட்டு நூல்களைப் பின்பற்றும் ஆசிரியர்கள் இதனை மறுக்கக்கூடும். மறுப்பைக் கேட்கவே கேள்வி நேரத்தை நீட்டித்திருக்கிறோம்.