தொங்கு கூடையும் உழைப்பின் கூலியும்

(மகளிர் கைத்தொழில் வகுப்பின் நிறைவு நாளன்று குரோஷா பயிற்றுநர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைப் பொறுப்பாளர்களே, ஜமாஅத் பெரியோர்களே, மூன்று மாதமாக வாரத்துக்கு இரண்டு நாள், அஸருக்குப் பிறகு வந்து என்னோடு உட்கார்ந்து பின்னிய என் சகோதரிகளே, பிள்ளைகளே!

இன்று உங்கள் கூடைகளை வரிசையாக மாட்டி வைத்திருக்கிறோம். வருகிறவர்கள் எல்லோரும் "அழகாக இருக்கிறது" என்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், மகிழ்ச்சிதான். ஆனால் நான் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கிறேன். இந்தக் கூடை மூன்று கிலோ வெங்காயத்தை ஒரு வருடம் தாங்குமா? இதைப் பின்னிய கைக்கு உரிய கூலி வந்து சேருமா? இந்த இரண்டைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் பின்னிய முதல் தொங்கு கூடை பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வாயின் விளிம்பில் மூன்று இடத்தில் செயின் பின்னி, மேலே ஒரு வளையத்தில் கட்டி, அடுப்படி ஜன்னல் பக்கம் மாட்டினேன். வெங்காயம், பூண்டு, இஞ்சி எல்லாம் போட்டேன். ஒரே வாரத்தில் கூடை ஒரு முழம் கீழே இறங்கிவிட்டது. வாய் மூன்று மூலையாக இழுத்துக்கொண்டது. ஒரு நாள் பஜ்ர் நேரத்தில் சத்தம் கேட்டு ஓடிப் போய்ப் பார்த்தால், வெங்காயம் அத்தனையும் தரையில் உருண்டு கிடக்கிறது.

அப்போது என் நன்னிமா உயிரோடு இருந்தார். வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "கூடையையா தொங்கவிட்டே? கயிறைத்தான் தொங்கவிடணும். கூடை அதுக்குள்ள உட்காரணும்" என்றார்.

அவர் சொன்னது உறியைப் பற்றி. இங்கே இருக்கும் இளம்பிள்ளைகள் பலர் உறியைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அந்தக் காலத்து வீடுகளில் உத்திரத்திலிருந்து உறி தொங்கும். அதில் மோர்ச்சட்டி, நெய்ச்சட்டி, மிச்சக் குழம்பு எல்லாம் இருக்கும். பூனையும் எறும்பும் எட்டாது, காற்று சுற்றிலும் வரும். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டுக்கு அதுதான் பாதுகாப்புப் பெட்டி. உறியில் சட்டியின் காதையோ விளிம்பையோ யாரும் கட்டுவதில்லை. கயிறு சட்டியின் அடியில் போய், அங்கே ஒரு வளையமாகக் கூடி, பக்கவாட்டில் ஏறி, மேலே ஒரே முடிச்சில் சேரும். பாரம் முழுவதும் அடியில் இருக்கும் கயிறுக்குத்தான். சட்டிக்கு வேலை உள்ளே இருப்பதைச் சிந்தாமல் வைத்திருப்பது மட்டும்.

நம் குரோஷா கூடைக்கும் அதே விதிதான். பின்னல் என்பது கண்ணி கண்ணியாக நூலைக் கோத்தது. இழுத்தால் கண்ணி ஒவ்வொன்றும் கொஞ்சம் நீளும். ஆயிரம் கண்ணி கொஞ்சம் கொஞ்சமாக நீண்டால் கூடை ஒரு முழம் இறங்கும். அதனால் நான்கு கயிறுகளைப் பின்னாமல், இரட்டையாக முறுக்கி, கூடையின் அடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடுத்து, பக்கவாட்டில் கண்ணிகளுக்குள் நுழைத்து மேலே கொண்டுவாருங்கள். நீங்கள் எல்லோரும் இங்கே செய்தது இந்த முறையில்தான்.

இந்தத் தொழில் நமக்குப் புதிதா என்று சிலர் கேட்டார்கள். இல்லை. நம் வீட்டு ஆண்கள் தலையில் போடும் பின்னல் தொப்பியை எடுத்துப் பாருங்கள். கடையில் இப்போது மலிவாகக் கிடைப்பது பலவும் இயந்திரத்தில் வந்தது. கையால் பின்னிய தொப்பி ஒன்று உங்கள் வீட்டுப் பெட்டியில் எங்காவது இருக்கும். அதன் உச்சியில் ஒரு சின்ன வளையம் இருக்கும். அங்கிருந்து சுற்றுச் சுற்றாக விரிந்து, தலை அளவு வந்ததும் விரிப்பதை நிறுத்தி, நேராக இறக்கியிருப்பார்கள். அந்தத் தொப்பியைக் கவிழ்த்துப் பிடித்தால் அதுதான் நம் கூடை.

கணக்கும் அதேதான். முதல் சுற்றில் 6 கண்ணி. அடுத்ததில் 12, பிறகு 18, பிறகு 24. ஒவ்வொரு சுற்றிலும் ஆறு மட்டும் கூட வேண்டும். ஆறுக்குக் குறைந்தால் அடி கிண்ணம் போலக் குழியும், கூடினால் அப்பளம் போல நெளியும். பத்தாவது சுற்றில் 60 வரும். மூன்று மில்லிமீட்டர் பருத்திக் கயிறும் ஐந்து மில்லிமீட்டர் ஊசியும் என்றால், அடி சுமார் ஐந்தரை அங்குலம் இருக்கும். பிறகு கூட்டாமல் இருபது சுற்று நேராகப் போனால் கூடை. எண்ணுவதற்குச் சோம்பல்பட்டால் எட்டாவது சுற்றில் பிரிக்க வேண்டி வரும். இதை உங்களில் பாதிப் பேர் அனுபவத்தில் தெரிந்துகொண்டுவிட்டீர்கள்!

வீட்டில் மாட்டும்போது சில விஷயங்களை மறக்காதீர்கள். அடுப்புக்கு நேர் மேலே மாட்டக் கூடாது. பருத்தி சட்டென்று தீப்பிடிக்கும். வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடித்தால் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். சீலிங்கில் தொட்டில் கட்ட விட்ட கொக்கி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். கயிற்று வளையம் எதுவும் கைக்குழந்தைக்கும் தவழும் பிள்ளைக்கும் எட்டும் உயரத்தில் தொங்கக் கூடாது. கழுத்தில் மாட்டினால் ஆபத்து. இந்தக் கூடையை யாரும் குழந்தைத் தொட்டிலாகப் பெரிதாக்கிப் பின்னிப் பார்க்க வேண்டாம். வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஒரே கூடையில் வேண்டாம், இரண்டும் சீக்கிரம் கெடும். நம் பக்கம் ஆனி ஆடியில் சாரல், ஐப்பசி கார்த்திகையில் மழை. அந்த மாதங்களில் பருத்தி ஈரம் இழுக்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை காலி செய்து, துவைத்து, தொங்கவிடாமல் தட்டையாக விரித்துக் காய வையுங்கள்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

ஆந்திராவில் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் நர்சாப்பூர் என்று ஓர் ஊர். கோதாவரி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கம். அங்கே 19-ஆம் நூற்றாண்டில் வந்த கிறிஸ்தவ மிஷனரிகள் மூலம் பெண்கள் குரோஷா பின்னலைக் கற்றுக்கொண்டார்கள். அந்த ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும் ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பின்னுகிறார்கள். அது கப்பலேறி வெளிநாட்டுக்குப் போகிறது. 2024-இல் நர்சாப்பூர் குரோஷாவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் கிடைத்ததே, அதே குறியீடு.

கேட்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியல் அறிஞர் அந்தப் பெண்களிடையே ஆய்வு செய்து 1982-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். நாளெல்லாம் பின்னிய பெண்ணுக்குக் கிடைத்த கூலி மிகமிகக் குறைவு. வயலில் கூலி வேலைக்குப் போன பெண் அதைவிட அதிகம் சம்பாதித்தாள் என்று அதில் எழுதியிருக்கிறார். காரணம் என்ன? ஒருத்தி பூவை மட்டும் பின்னுவாள், இன்னொருத்தி பூக்களைச் சேர்த்துக் கட்டுவாள். முழுப் பொருள் என்ன விலைக்குப் போகிறது என்று இருவருக்கும் தெரியாது. நூல் கொடுப்பவர், வாங்கிப் போகும் ஏஜென்ட், ஏற்றுமதி செய்பவர் என்று நடுவே பலர். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சொல் இருந்தது: "இவர்கள் வீட்டில் இருக்கும் பெண்கள், ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள்." அந்த ஒரு சொல்லைச் சொல்லித்தான் கூலியைக் குறைத்தார்கள். வெளியே போகாமல் வீட்டிலிருப்பது கௌரவம் என்று நினைத்த பெண்களும் கேட்கவில்லை.

சகோதரிகளே, இது நமக்கு அந்நியமான கதையா? விடியற்காலையில் கம்பத்திலும் கூடலூரிலும் போடியிலும் ஜீப்பில் ஏறி, மெட்டுப் பாதையில் ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களைப் பாருங்கள். அது கஷ்டமான வேலை. ஆனால் இன்றைக்கு என்ன சம்பளம் என்று அவர்களுக்குத் தெரியும், ஒரு ரூபாய் குறைந்தாலும் கேட்பார்கள். வீட்டுக்குள் இருந்து தைக்கும், பின்னும் நமக்கு நம் ஒரு மணி நேரத்தின் விலை என்ன என்று தெரியுமா?

கணக்குக்காக ஒன்று வைத்துக்கொள்வோம். ஒரு கூடைக்குக் கயிறு 120 ரூபாய், வளையமும் கொக்கியும் 20 ரூபாய். ஆக 140. நேரம் நான்கு மணி. ஒரு கடைக்காரர் வந்து, "கூடைக்கு 200 தருகிறேன், எத்தனை பின்னினாலும் எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார். கேட்டதும் மனம் குளிர்ந்துவிடும். 200-இல் 140 போனால் மிச்சம் 60. நான்கு மணிக்கு 60 என்றால் மணிக்கு 15 ரூபாய். மணிக்கு 50 ரூபாயாவது வேண்டும் என்று நினைத்தால் கூடையின் விலை 340. "அந்த விலைக்கு யார் வாங்குவார்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு வழி கூலியைக் குறைப்பதில் இல்லை. ஐந்து பேர் சேர்ந்து தேனியிலோ மதுரையிலோ மொத்தக் கடையில் கயிறு வாங்குங்கள். நான்கு மணி நேரம் பிடிக்கும் கூடையோடு, இரண்டு மணியில் முடியும் சின்னக் கூடையும் செய்யுங்கள். நடுவில் ஆள் இல்லாமல் வாங்குகிறவரிடம் நேரே கொடுங்கள்.

இன்னொன்றும் நினைவில் வையுங்கள். குரோஷாவைப் பின்னித் தள்ளும் இயந்திரம் தொழிற்சாலைகளில் புழக்கத்தில் இல்லை. எந்த ஊர்க் கடையில் குரோஷா கூடை தொங்கினாலும், அது யாரோ ஒருவர் கையால் கண்ணி கண்ணியாகப் போட்டது. மலிவாகக் கிடைக்கிறது என்றால், எங்கோ ஒருவருக்குக் கூலி குறைந்திருக்கிறது என்று பொருள்.

என் அனுபவம் ஒன்றையும் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கடைக்கு நாற்பது கூடை பின்னிக் கொடுத்தேன். எழுத்தில் எதுவும் இல்லை. முன்பணமும் வாங்கவில்லை. ஏழு மாதம் அலைந்து பாதிப் பணம்தான் வந்தது. மீதியைக் கேட்டபோது, "அக்கா, வீட்டில் சும்மாதானே இருந்தீங்க" என்றார். அந்தச் சொல்தான் எனக்கு இன்றும் வலிக்கிறது. நான் சும்மா இருக்கவில்லை. ரமலான் இரவுகளில் பிள்ளைகள் தூங்கிய பிறகு, ஸஹர் சமையலுக்கு முன்னால் உட்கார்ந்து பின்னிய கூடைகள் அவை. அவர் செய்தது தவறு. ஆனால் எழுதி வாங்காத தவறு என்னுடையது.

ஆகவே ஒவ்வொருவரும் ஒரு நோட்டு வையுங்கள். கயிறு வாங்கிய தேதி, விலை, பின்னிய நேரம், யாருக்கு எத்தனை, முன்பணம் எவ்வளவு, பாக்கி எவ்வளவு. பாதி முன்பணம் இல்லாமல் பத்துக்கு மேல் ஆர்டர் எடுக்காதீர்கள்.

அரசாங்கம் தரும் அடையாளத்தையும் விட்டுவிடாதீர்கள். அமைப்புசாராத் தொழிலாளருக்காக 2021 ஆகஸ்டில் ஒன்றிய அரசு இ-ஷ்ரம் பதிவைத் தொடங்கியது. 16 முதல் 59 வயது வரை ஆதாரோடு போய்ப் பதியலாம், கட்டணம் இல்லை. தொழில் என்ன என்று கேட்கும்போது "சும்மா வீட்டில் இருக்கிறேன்" என்று சொல்லாதீர்கள். "குரோஷா பின்னுகிறேன்" என்று சொல்லுங்கள். கைவினைஞர் அடையாள அட்டையும் தனியாக உண்டு, அதற்கும் விண்ணப்பியுங்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கத்தில் ஆதரவற்ற பெண்களுக்கும் கணவரை இழந்தவர்களுக்கும் தொழில் உதவி கேட்கலாம். மனு எழுதத் தெரியாது என்று யாரும் நின்றுவிட வேண்டாம். நம் அறக்கட்டளை அலுவலகத்தில் எழுதித் தருவார்கள்.

இங்கே வந்திருக்கும் அத்தாமார்களுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் ஒரு சொல். வீட்டுப் பெண் பின்னிச் சம்பாதிக்கும் பணம் அவளுடையது. அவள் விரும்பிக் குடும்பத்துக்குக் கொடுத்தால் அது அவள் செய்யும் நன்மை. அவள் பின்ன உட்காரும் இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நமக்கு வேலை செய்தவருக்குத் தாமதிக்காமல் கூலி கொடுப்பது மார்க்கம் நம் மேல் வைத்த கடமை. அது கட்டட வேலைக்கு வரும் ஆளுக்கு மட்டுமல்ல, பக்கத்து வீட்டில் ரவிக்கை தைத்துத் தரும் பெண்ணுக்கும் தொப்பி பின்னித் தரும் பெண்ணுக்கும்தான். பாக்கி வைத்திருப்பவர்கள் இன்று மஃரிபுக்கு முன் போய்க் கொடுத்துவிடுங்கள்.

வகுப்பு இன்றோடு முடிகிறது. ஆனால் மாதத்தின் முதல் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு இதே கூடத்தில் நான் இருப்பேன். ஊசியோடு நோட்டையும் கொண்டுவாருங்கள். முதலில் நோட்டைத்தான் பார்ப்பேன், பிறகுதான் கூடையை.

எல்லோருடைய கைகளிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.