வீடு திரும்புவோரும் வீட்டுப் பொருள்களும்



சுங்கம் என்பது வாணிகத்தின் பொருட்டுப் பிறந்த ஓர் ஏற்பாடு. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிலே வந்திறங்கிய பண்டங்களுக்கும் ஏற்றி அனுப்பப்பட்ட பண்டங்களுக்கும் சோழனுடைய புலி இலச்சினையைப் பொறித்துக் காவலர் சுங்கங் கொண்ட செய்தியைப் பட்டினப்பாலையிலே காண்கின்றோம். வணிகன் கொண்டுவருவது விற்பனைப் பொருள். அவன் பெறும் ஊதியத்தில் அரசு ஒரு பங்கு கேட்பது முறையே. ஆனால் ஒரு குடும்பம் பிறநாட்டிலே பல்லாண்டு வாழ்ந்து, பின் தன் நாட்டுக்கு மீளுங்கால் உடன்கொண்டுவரும் குடமும் கட்டிலும் தையல் இயந்திரமும் விற்பனைப் பொருள்கள் அல்ல. வணிகருக்கென எழுந்த சட்டத்தின் முன்னே ஒரு வீட்டின் தட்டுமுட்டுச் சாமான்கள் வந்து நிற்கும்போது என்ன நிகழ்கின்றது என்பதே இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நம் நாட்டின் சுங்கக் கட்டளைச் சட்டம் 1869ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டமாகும். கோப்பியும் கறுவாவும் கப்பலேறிய காலத்திலே எழுதப்பட்டது அது. குடியிருப்பை மாற்றிக்கொண்டு வருபவருடைய பொருள்களை வணிகச் சரக்கினின்றும் வேறாகக் கருதவேண்டும் என்னுங் கொள்கையை உலக நாடுகள் பலவும் பின்னர் ஏற்றுக்கொண்டன. 1973இல் ஜப்பானின் கியோத்தோ நகரிலே உருவாகி, 1999இல் திருத்தியமைக்கப்பெற்ற சுங்க உடன்படிக்கையும் இக்கொள்கைக்கு இடந்தருகின்றது. நாட்டுக்கு நாடு விதிகளும் காலவரையறைகளும் வேறுபட்டாலும், சுங்க அதிகாரி விடை தேடும் வினாக்கள் பெரும்பாலும் மூன்றே. இப்பொருள் இவருக்குச் சொந்தமானதா? இவர் இதனைப் பயன்படுத்தி வந்தாரா? ஒரு குடும்பத்தின் தேவைக்கு அளவானதா? ஒரு தையல் இயந்திரம் வீட்டுப் பொருள். உறை பிரியாத நான்கு தையல் இயந்திரங்கள் சரக்கு. இது நேர்மையான அளவுகோல்தான். ஆயினும் இவ்வளவுகோலுக்குள் அடங்காதவை சிலவும் உள. அவற்றை அறிவதற்கு நம் நாடே கண்ட ஒரு பெரும் பயணத்தை நினைவுகூர்வோம்.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க அவர்களும் லால் பகதூர் சாஸ்திரி அவர்களும் ஓர் ஒப்பந்தஞ் செய்தனர். இந்திய வமிசாவளியினராகிய 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது. 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது. அவ்வெஞ்சியோரை இரு நாடுகளும் 1974இல் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. இவ்வாறு அனுப்பப்பட்டோரைத் 'தாயகம் திரும்பியோர்' என்று அழைத்தனர். ஆனால் அவருள் மிகப் பலர் இம்மலைநாட்டிலேயே பிறந்தவர்கள். முன்னொருபோதும் காணாத ஊருக்கு ஒருவர் எங்ஙனந் 'திரும்பு'வது என்னும் வினாவுக்கு எந்த ஒப்பந்தமும் விடை கூறவில்லை.

எனினும் பொருள்களைப் பற்றி அவ்வொப்பந்தம் மௌனமாக இருக்கவில்லை. செல்வோர் தம் உடைமைகள் அனைத்தையும், ஊழியர் சேமலாப நிதியும் பணிக்கொடையும் உட்பட, கொண்டுசெல்ல இலங்கை அரசு இசைந்தது. ஒரு குடும்பம் கொண்டுசெல்லத்தக்க உடைமையின் உச்சவரம்பு 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கப்படமாட்டாது என்றும் உறுதி கூறிற்று. அந்நியச் செலாவணிக்கு நாடு வருந்திய அக்காலத்தில் இது பாதுகாப்பாகவே எழுதப்பட்ட வாசகம். ஆயினும், இரண்டு மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறித்த ஒரு குடும்பத்தின் வாழ்வைக் கணக்கிடும்போது கையிலே கொள்ளப்பட்ட அளவுகோல் எத்தன்மையது என்பதும் அவ்வாசகத்தினாலேயே புலப்படும்.

மலைநாட்டு நிலையங்களிலே புகையிரதமேறித் தலைமன்னார் இறங்குதுறையை அடைந்து, ஆங்குப் பெட்டிகளைத் திறந்து காட்டிவிட்டு, அவர்கள் கப்பலேறினார்கள். 1964 டிசம்பரிலே வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டமையால், கப்பல் இராமேஸ்வரத்துக்குச் சென்றது. அங்கிருந்து மண்டபம் முகாம். 1984இல் அக்கப்பற் சேவை நிற்கும்வரை இவ்வழியே குடும்பங்கள் சென்றவண்ணமிருந்தன.

ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவுள்ள லயத்துக் காம்பராவிலிருந்து அவர்கள் எவற்றைக் கட்டியெடுத்திருப்பர்? கம்பளி, பித்தளைக் குடம், சாமி படம், தகரப் பெட்டி நிறையத் துணிமணி. இவை யாவும் மேசையின்மேல் வைத்து விலை மதிக்கத்தக்கவை. வைக்க முடியாதவையும் இருந்தன. லயத்தின் பின்னே பயிர் செய்த மரக்கறித் தோட்டம் பெட்டிக்குள் அடங்காது. பால் தந்த பசு கப்பலேறாது. புறப்படும் நாள் குறிக்கப்பட்டவன் விற்கும் பொருளுக்கு விலை கூறுபவன் வாங்குபவனே. ஆகவே சுங்க மேசைக்கு வருமுன்னரே, பட்டியலில் ஏறாத ஒரு நட்டம் அக்குடும்பங்களுக்கு நேர்ந்துவிடுகின்றது.

கவ்வாத்துக் கத்தியை எண்ணிப் பாருங்கள். மதிப்பிடுவோர்க்கு அது ஒரு பழைய இரும்பு. தேயிலை முளையாத சமவெளியிலே குடியேறியவனுக்கும் அது பயன்படாத இரும்பே. ஆனால் தாயகம் திரும்பியோர்க்கு வேலை அளிக்கும் நோக்குடன் தமிழ்நாட்டு அரசு 1968 முதல் நீலகிரியிலே தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது. அங்குச் சென்றவர்களுக்கு அந்தக் கத்தி பிழைப்பின் முதலாயிற்று. ஒரு பொருளின் பெறுமதி அதனை வைத்திருப்பவன் எங்கே போய்ச் சேர்கின்றான் என்பதைப் பொறுத்தது. தொழிற்கருவிகளுக்குத் தனிச்சலுகை அளிக்கும் விதிகளின் கருத்தும் இதுவே.

மண்டபம் முகாமின் வரலாறும் இங்குக் கருதத்தக்கது. ஆங்கிலேயர் காலத்திலே, தோட்டத் தொழிலுக்காக இலங்கைக்கு வருவோரை நோய்த்தடுப்புக்காகத் தங்கவைத்த இடம் அது. ஒப்பந்தத்தின் பின் இங்கிருந்து சென்றோரை வரவேற்றதும் அதுவே. 1983க்குப் பின் போரினால் பெயர்ந்து கடல் கடந்த நம் மக்களுக்கு அகதி முகாமானதும் அதுவே. 2009இல் போர் முடிந்தபின், அவ்வகதிகளிற் சிலர் ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர் ஸ்தானிகர் அலுவலகத்தின் துணையோடு திரும்பத் தொடங்கினர். பெரும்பாலோர் வந்தது விமானத்தில். முகாமிலே இருபது, இருபத்தைந்து ஆண்டுகளாகச் சேர்ந்த ஒரு வீடு விமானத்தின் நிறை வரம்புக்குள் அடங்குமா? 2011இல் தூத்துக்குடிக்குங் கொழும்புக்குமிடையே கப்பல் ஓடியபோது, கூடுதலான பொருள்களோடு சிலரேனும் திரும்ப முடிந்தது. அச்சேவை அவ்வாண்டிலேயே நின்றுவிட்டது. திரும்பி வரும் ஏழைக்குக் கடல்வழி ஆடம்பரமன்று. அவனுடைய பாத்திரங்களும் கருவிகளும் அவனோடு வந்து சேரும் வழி அதுவே.

இனி, எந்நாட்டிலிருந்தாயினும் திரும்ப எண்ணுவோர்க்குச் சில சொல்ல விரும்புகின்றேன். பெட்டிகளுக்கு இலக்கமிடுக. ஒவ்வொரு பெட்டியினுள்ளும் இருப்பவற்றைப் பெயர் பெயராக எழுதுக. 'வீட்டுச் சாமான்' என்று மொத்தமாக எழுதிய பட்டியல் ஐயத்தையே வளர்க்கும். புதிதாக வாங்கியவற்றை வேறாகக் கட்டிப் பற்றுச்சீட்டோடு வைத்து, உள்ளபடி கூறுக. பிறருடைய பொதிகளை நும் பெயரில் ஏற்றற்க. சோதனை வேளையிலே விடை கூறவேண்டியவர் நீரே. செடி, விதை, மண் என்பவற்றுக்குப் பயிர்ப்பாதுகாப்புச் சட்டத்தின் கட்டுப்பாடு உண்டு. ஆதலால் மண்வெட்டியைக் கூடக் கழுவி அனுப்புக. பொருள்கள் நும்மினும் முந்தி வந்து துறைமுகத்திலே கிடக்குமாயின், தங்கற் கட்டணம் நாள்தோறும் ஏறும். சிலவேளை அது பொருளின் விலையையே விழுங்கிவிடும். புறப்படுமுன் நடப்பிலுள்ள விதிகளைத் திணைக்களத்திலேயே கேட்டறிதல் நன்று.

எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், காணி உறுதி, பிள்ளைகளின் பாடசாலை விடுகைப் பத்திரம், பெறுபேற்றுச் சான்றுகள் ஆகியவற்றைக் கப்பலில் இடும் பெட்டியிலே வைக்கவே கூடாது, கையிலே கொண்டுவருக. பாடசாலையில் நாற்பது பிள்ளைகளுள்ள வகுப்பிலே புதிதாக ஒரு பிள்ளையைச் சேர்க்கும்போது, எந்த வகுப்புவரை கற்றது, எம்மொழியிற் கற்றது என்று கூறும் ஒரு தாள் இல்லாவிட்டால், அப்பிள்ளை ஓர் ஆண்டையே இழக்க நேரலாம். அத்தாளுக்குச் சுங்கமில்லை, ஆனால் அதனை இழந்தால் ஈடுமில்லை.

அதிகாரிகளுக்கும் ஒரு விண்ணப்பம். வரி ஏய்ப்போரைப் பிடிப்பது நும் கடமை. அதனை எவருங் குறைகூறார். ஆயினும் திறக்கப்படும் பெட்டி வணிகனுடையதா, வீடு பெயர்ந்து வருபவனுடையதா என்பதை முதலில் நோக்குங்கள். அடுக்கிய துணியைக் கலைத்தால் மீள அடுக்க இடமும் வேளையும் கொடுங்கள். விதியை அவன் அறிந்த மொழியிலே எடுத்துக் கூறுங்கள். நெடுங்காலத்தின் பின் நாடு திரும்பும் ஒருவன் முதலிற் சந்திக்கும் அரசு நும் மேசையிலேதான் அமர்ந்திருக்கின்றது.