'அசௌகரியம்' என்றால் என்ன?

தெளிவா எழுதுறது எப்படின்னு பேச இன்னைக்கு இலக்கணப் புத்தகத்தைத் திறக்கப் போறதில்லை. எண்ணூருக்குப் போறோம்.

2023 டிசம்பர் 26. மிக்ஜாம் வெள்ளமும் எண்ணெய்ப் படலமும் வந்து மூணு வாரம்தான் ஆகியிருந்தது. கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. நள்ளிரவு நெருங்கும்போது பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண் எரிய, மூச்சு முட்ட, குழந்தைங்களைத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு ஓடினாங்க. 50 பேருக்கு மேல ஆஸ்பத்திரிக்குப் போனாங்க.

பிறகு நிறுவனத்தோட அறிக்கை வந்தது. கசிவை அது குழாயில் தெரிந்த ஒரு 'இயல்பு மாற்றம்' என்கிற மாதிரி சொன்னது. மக்கள் சிலர் 'அசௌகரியம்' தெரிவிச்சாங்களாம். எனக்கு உறுத்துறது அந்தத் 'தெரிவிச்சாங்க'தான். வாயு வாக்கியத்துலயே இல்லை; ஜனங்கதான் ஏதோ புகார் சொன்ன மாதிரி ஆயிடுது. நம்ம ஐடி கம்பெனிகளிலும் இதே நடைதான். சர்வர் படுத்துட்டா 'சில பயனர்கள் தாமதத்தை உணர்ந்திருக்கலாம்'னு போடுவோம். ஆனா அங்கே யாருக்கும் மூச்சு முட்டலை.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னதைப் பாருங்க. ஆலை வாசல் காத்துல அமோனியா கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம். 24 மணி நேர வரம்பு 400. மைக்ரோகிராம்னா என்னன்னு தெரியாதவங்களுக்கும் அஞ்சு மடங்குன்னா புரியும்.

ஆனா இதெல்லாம் விடிஞ்ச பிறகு. ராத்திரி பதினொன்னே முக்காலுக்கு குப்பத்துக்கு என்ன எழுதணும்? நான் எழுதிப் பார்த்தேன்: "குழாயிலிருந்து அமோனியா கசிகிறது. ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடுங்கள். காற்று வீசும் திசையில் ஓடாதீர்கள். அதற்குக் குறுக்காகப் போங்கள்." நாலு வரிதான். அஞ்சாவதா எந்தத் தெருவில் பஸ் நிக்குதுன்னு எழுதணும். அங்கேதான் கை நின்னுடுச்சு. பஸ்ஸை யாராவது ஏற்பாடு பண்ணியிருந்தாத்தானே அந்த வரியை எழுத முடியும்?

வானிலை மையம் மீனவர்களுக்குத் தர்ற எச்சரிக்கையில் இந்தச் சிக்கல் குறைவு. எந்தக் கடல் பகுதி, எந்தத் தேதி, காத்து எத்தனை கிலோமீட்டர் வேகம், போகாதீங்க. காசிமேட்டுல அதைப் படிச்சுட்டு யாரும் அர்த்தம் கேக்கிறதில்லை. படகு கிளம்பலாமா வேண்டாமான்னுதான் பேசுறாங்க.