காசு வந்ததா?

(வாலிபர் பகுதியின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



கடை வைப்பதைப் பற்றி இந்த மண்டபத்திற் பேசுவது பொருத்தமோ என்று சிலர் ஐயுறலாம். பனையோலைப் பெட்டி இழைக்கும் எட்டுப் பெண்களுக்காக எமது வாலிபர் பகுதியினர் ஓர் இணையக் கடை அமைத்ததை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அக்கடையில் நேர்ந்த ஒரு பிழையை மறைக்காமற் சொல்லி, அது எங்கிருந்து வந்தது என்பதை விளக்குவதே இன்று நாம் எடுத்துக்கொண்ட காரியம். கணினி வேலை தெரிந்த இளைஞர்களுக்கு இதிற் சில பகுதிகள் பழஞ்செய்தியாகத் தோன்றும். பெரியவர்களுக்கு வேறு சில பகுதிகள் புதிதாக இருக்கும். இரு திறத்தாரும் பொறுத்தருள வேண்டும்.

நடந்தது இதுதான். வெளியூர் அன்பர் ஒருவர் பன்னிரண்டு பெட்டிகளுக்கு ஓடர் கொடுத்தார். பெட்டி ஒன்று 1,850 ரூபா. மொத்தம் 22,200 ரூபா. அவருடைய திரையில் "நன்றி, உங்கள் காசு கிடைத்தது" என்ற பக்கம் தோன்றியது. எமது கணக்கிலும் காசு கட்டப்பட்டதாகப் பதிவாயிற்று. பெட்டிகள் தபாலிற் போய்ச் சேர்ந்தன. மாத முடிவிலே தனாதிகாரி வங்கிக் கணக்கைப் பார்த்தபொழுது அந்த 22,200 ரூபா அங்கே இல்லை. வாங்கியவருக்கு எழுதினோம். "உங்கள் கடையே நன்றி சொல்லிவிட்டதே!" என்று மறுமொழி வந்தது. அவர் சொன்னதிற் பிழையில்லை. அவருடைய வங்கி அக்கொடுப்பனவை முதலில் நிலுவையில் வைத்திருந்து, பின்னர் மறுத்துவிட்டது. அது அவருக்கும் தெரியாது, எமக்கும் தெரியாது. தமது கணக்கைப் பார்த்தபின் அவர் காசை ஒழுங்காக அனுப்பிவைத்தார். ஆனால் இடையில் இரண்டு மாதங்கள் கழிந்துவிட்டன. பெட்டி இழைத்த அம்மா அந்தக் காசை நம்பி ஓலைக்காரருக்குக் கடன் சொல்லியிருந்தார். ஒருநாள் எமது கந்தோருக்கு வந்து, "சாமான் போய்ச் சேந்திட்டுதெண்டு சொல்லுறியள். காசு மட்டும் எங்கை தம்பி நிக்குது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று எம்மிடம் விடை இருக்கவில்லை.

விடையைத் தேடுமுன், இணையக் கடைக்காரன் தானே காசை வாங்காமல் ஏன் மூன்றாம் ஆளை நாடுகிறான் என்பதைச் சொல்லவேண்டும். கடனட்டை இலக்கங்களை வாங்கி வைத்துக்கொள்வது பெரும் பாரம். களவு போனால் கடைக்காரனே பதில் சொல்லவேண்டும். அட்டை விபரங்களைக் காக்கும் முறைகளை வகுத்த பி.சி.ஐ. டி.எஸ்.எஸ். என்ற விதித்தொகுதி 2004ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2006இல் விசா, மாஸ்டர்காட், அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், டிஸ்கவர், ஜே.சி.பி. என்னும் ஐந்து நிறுவனங்களும் கூடி அதற்கென ஒரு சபையை நிறுவின. அவ்விதிகள் முழுவதையும் எம்போன்ற சிறு கடை தாங்காது. ஆகவே பேபால், ஸ்ட்ரைப், எமது நாட்டிலே பேஹியர் முதலிய கொடுப்பனவுச் சேவைகளில் ஒன்றைக் கடை சேர்த்துக்கொள்கிறது. அட்டை இலக்கம் அச்சேவையின் பக்கத்திலேயே எழுதப்படும். எமது கணினியை அது தொடுவதில்லை. ஆனால் அதனாலேயே காசு வந்த செய்தியும் பிறர் சொல்லித்தான் எமக்குத் தெரியவேண்டியிருக்கிறது. யார் சொல்லை நம்புவது? எமது பிழை முழுவதும் இந்த இடத்திலேதான் கிடந்தது.

பேஹியர் சேவையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கடை அதற்கு மூன்று விலாசங்களைக் கொடுக்கவேண்டும். காசு கட்டும் காரியம் முடிந்ததும் வாங்குபவர் திரும்பி வரும் விலாசம் ஒன்று. அவர் வேண்டாமென்று விட்டால் வரும் விலாசம் ஒன்று. சேவையின் கணினி எமது கணினிக்கு நேரே அறிவித்தல் அனுப்பும் விலாசம் மூன்றாவது. முதல் விலாசத்துக்கு ஒருவர் வந்து சேர்ந்தார் என்பதனால் காசு வந்ததாகாது; அங்கே காசின் நிலைமை சொல்லப்படுவதுமில்லை. வங்கியிற் காசு கட்டிவரும்படி ஒரு பையனை அனுப்புகிறோம். அவன் திரும்பி வந்து வாசலில் நிற்பதைக் கண்டே புத்தகத்தில் வரவு எழுதுவோமா? வங்கி முத்திரை இட்ட துண்டை அல்லவா கேட்போம்! அந்த முத்திரைத் துண்டு மூன்றாம் விலாசத்துக்கே வருகிறது. அதிலே 2 என்ற குறி வந்தால் காசு வந்துவிட்டது. 0 வந்தால் நிலுவை. சைபருக்குக் கீழே கழித்தற் குறியுடன் 1 வந்தால் கைவிடப்பட்டது, 2 வந்தால் தவறியது, 3 வந்தால் கொடுத்த காசை வங்கி திருப்பி எடுத்துக்கொண்டது.

நாம் சேர்ந்திருந்த சேவையிலும் இத்தகைய ஏற்பாடு இருந்தது. எமது இளைஞர்கள் முதல் இரண்டு விலாசங்களையும் அழகாகச் செய்திருந்தார்கள். மூன்றாவதை வீட்டுக் கணினியில் வைத்துச் சோதித்தபோது அறிவித்தல் வந்து சேரவில்லை. வீட்டுக் கணினிக்கு வெளியுலகிலிருந்து வழியில்லாதபடியால் அது வரவும் மாட்டாது. "பிறகு பார்ப்போம்" என்று ஒதுக்கிவிட்டு, கடையைத் திறந்தபின் மறந்துபோனார்கள். இளைஞர்களை மட்டும் குறைசொல்வது நியாயமன்று. திறப்பு விழாவுக்கு நாள் குறித்து அவர்களை அவசரப்படுத்தியவர்கள் பெரியவர்களாகிய நாமே.

சரி, அறிவித்தல் வருகிறது. அதை அப்படியே நம்பலாமா? விலாசம் தெரிந்த எவரும் பொய்யாக ஓர் அறிவித்தல் எழுதி அனுப்பிவிடலாம். ஆதலால் அதில் ஒரு கையொப்பம் இருக்கும். ஓடர் இலக்கம், தொகை, நாணயம், குறி ஆகியவற்றோடு, எமக்கும் சேவைக்கும் மட்டும் தெரிந்த இரகசியச் சொல்லையும் கலந்து கணித்து வரும் எழுத்துக்கோவை அது. நாமும் அவ்வாறே கணித்து, இரண்டும் ஒத்தால் மாத்திரம் ஏற்கவேண்டும். இங்கே ஒரு சிறு விஷயம் எமது பிள்ளைகளை இரண்டு இரவு தூங்கவிடவில்லை. தொகையை 1,850.00 என்று காற்புள்ளியுடன் எழுதிக் கணித்தார்கள், கையொப்பம் ஒத்துவரவேயில்லை. 1850.00 என்று எழுதவேண்டும். ஒரு காற்புள்ளிக்காக இவ்வளவு பாடு! இரகசியச் சொல்லையோ வாங்குபவரின் திரைக்குப் போகும் பக்கத்தில் ஒருபோதும் எழுதலாகாது. கோயில் உண்டியலின் திறப்பை உண்டியலின் மேலேயே தொங்கவிடுவார் உண்டா?

கையொப்பம் சரியாயிருந்தாலும் தொகையைப் பார்க்கவேண்டும். இதை எமக்குக் கற்பித்தவர் எமது உறுப்பினர் ஒருவரே. சோதனைக் கடையிலே, தம் திரையில் இருந்த விலையைத் திருத்தி, 1,850 ரூபாப் பெட்டியை 18 ரூபா 50 சதத்துக்கு வாங்கிக் காட்டிவிட்டார். கையொப்பம் உண்மையானது; காசும் உண்மையாகவே கட்டப்பட்டது; தொகைதான் 18.50. இப்பொழுது விலையை எமது கணினி தன் பட்டியலிலிருந்தே எடுக்கிறது. வரும் அறிவித்தலிலுள்ள தொகையை அதனோடு ஒப்பிட்டும் பார்க்கிறது.

அட்டை இலக்கம் சரியென்று திரை சொன்னாற் போதாதா என்று பெரியவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அந்தச் சோதனை ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலைபார்த்த ஹான்ஸ் பீற்றர் லூன் என்பவர் வகுத்தது; 1960இல் அதற்கு உரிமைப் பத்திரம் கிடைத்தது. வலப்புறத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒன்று இரட்டித்துக் கூட்டினால் மொத்தம் பத்தால் வகுபடவேண்டும். இரட்டிக்கும்போது ஒன்பதுக்கு மேற்போனால் ஒன்பதைக் கழிக்கவேண்டும். ஸ்ட்ரைப் சேவையினர் சோதனைக்கென்று கொடுக்கும் 4242 4242 4242 4242 என்ற இலக்கத்தைப் பாருங்கள். நான்குகள் எட்டாகின்றன, எட்டெட்டு 64. இரண்டுகள் எட்டும் சேர்ந்து 16. ஆக 80. கணக்கு மிகச் சரி. ஆனால் அந்த இலக்கத்தின் பின்னால் ஒரு சதமும் இல்லை. எழுதும்போது கைதவறியதைக் கண்டுபிடிக்கவே இச்சோதனை உதவும்.

இன்னுமொன்று. அறிவித்தல் கிடைத்ததாக எமது கணினி மறுமொழி அனுப்பத் தவறினால் அதே அறிவித்தல் மறுபடியும் வரலாம். ஸ்ட்ரைப் மூன்று நாள்வரை திரும்பத் திரும்ப அனுப்பும். தந்தி இருந்த காலத்திலே ஒரே மரணச் செய்தி இருமுறை வந்தால் இருவர் இறந்ததாக ஒருவரும் அழுததில்லை. ஓடர் இலக்கத்தைப் பார்த்து, முன்பே பதிந்ததாயின் பேசாமல் விட்டுவிடவேண்டும். இல்லாவிட்டால் ஒரு ஓடருக்கு இரண்டு பொதி போய்விடும்.

இவ்வளவும் இப்பொழுது செய்தாயிற்று. திரும்பி வருபவருக்கு, "உங்கள் ஓடர் கிடைத்தது; காசு உறுதியானதும் அறிவிப்போம்" என்றே எமது பக்கம் சொல்கிறது. உறுதியான அறிவித்தல் வராமற் பொதி கட்டப்படுவதில்லை. எட்டுப் பெண்களுக்கும் அதே வேளையில் கைத்தொலைபேசியில் ஒரு செய்தி போகிறது. சனிக்கிழமைதோறும் தனாதிகாரி சேவையின் பட்டியலையும் வங்கிக் கணக்கையும் எமது ஓடர்ப் புத்தகத்தையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்க்கிறார். சென்ற சனிக்கிழமை 41 ஓடர்களில் 40 பொருந்தின. மிகுந்த ஒன்று 3,700 ரூபா, இரண்டு பெட்டிகள். பொதி இன்னும் அலுமாரியில் இருக்கிறது. கூட்டம் முடிந்தபின் அதை விசாரிக்க வாலிபர் இருவர் நிற்கவேண்டும்.